வாஷிங்டன் என்னும் பெயர்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மால்டன் என்றொரு சிற்றூர் உள்ளது. 1865ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் விடுதலை பெற்ற சிறிது காலத்தில் அவ்வூரில் அவர்களுடைய பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அப்பள்ளியில் ஒன்பது வயதையொட்டிய சிறுவன் ஒருவன் சேர்ந்தான். விடியுமுன் எழுந்து உப்புக் காய்ச்சும் ஆலையில் வேலை செய்துவிட்டுத்தான் அவன் வகுப்புக்கு வரவேண்டும். அந்த ஒப்பந்தத்தின் பேரில்தான் வீட்டில் அவனைப் படிக்க அனுப்பினார்கள்.

ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தம் பெயரைச் சொன்னார்கள். எல்லாருக்கும் இரண்டு பெயர்கள் இருந்தன; சிலருக்கு மூன்றுகூட இருந்தன. சிறுவனுக்கு வியர்த்தது. பிறந்தது முதல் எல்லாரும் அவனை ‘புக்கர்’ என்றுதான் அழைத்துவந்தார்கள். அதற்கு மேல் ஒரு பெயர் வேண்டும் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. தன் முறை வருவதற்குள் அவன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். ஆசிரியர் கேட்டபோது, ஏதோ பிறவியிலிருந்தே அப்படித்தான் அழைக்கப்பட்டவன்போல, “புக்கர் வாஷிங்டன்” என்று அமைதியாகச் சொன்னான். ஆசிரியரும் எழுதிக்கொண்டார்.

இச்சிறுவன்தான் பிற்காலத்தில் டஸ்கீகி கல்விக்கூடத்தைத் தலைமையேற்று வளர்த்து, அமெரிக்காவின் புகழ்பெற்ற கல்வியாளர்களுள் ஒருவராக விளங்கிய புக்கர் டி. வாஷிங்டன். இந்நிகழ்ச்சியை 1901இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

அன்று அவன் எடுத்துக்கொண்ட பெயருக்கு ஏறத்தாழ 700 ஆண்டு வயது. அது எங்கே பிறந்தது? யார் யாரிடம் இருந்தது? எந்த வழியாக அந்த வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது?

இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில், வியர் ஆற்றுக்கு வடக்கே வாஷிங்டன் என்றோர் ஊர் இருக்கிறது. அமெரிக்கத் தலைநகரை அறிந்த அளவுக்கு இவ்வூரை வெளியுலகம் அறியாது. ஆனால், மூத்தது இதுதான். பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்றால் வேலியிட்ட குடியிருப்பு. இன்றைய ‘டவுன்’ என்னும் சொல் அதிலிருந்து வந்ததே. ‘இங்’ என்பது ஒருவரைச் சார்ந்தவர்களைக் குறிக்கும் ஒட்டு. வாசா என்பது போன்ற பெயருடைய ஒருவரைச் சார்ந்தோர் வாழ்ந்த குடியிருப்பு என்பது இவ்வூர்ப் பெயரின் பொருள். அந்த வாசா யார், எப்படி வாழ்ந்தார் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. ஊரின் பெயருக்குள் அவர் பெயர் ஒளிந்திருப்பதோடு சரி.

1066ஆம் ஆண்டில் பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலிருந்து வந்த படை இங்கிலாந்தை வென்றது. அதன்பின் நிலங்கள் புதிய உடைமையாளர்களின் கைக்கு மாறின. அவர்கள் தம் பெயரோடு தம் நிலத்தின் பெயரையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்றால் ஹெர்ட்பர்ன் என்னும் ஊரை உடைய வில்லியம் என்று பொருள். இந்த வில்லியம், டர்ஹம் ஆயரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். தம் ஹெர்ட்பர்ன் நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக வாஷிங்டன் ஊரைப் பெற்றுக்கொண்டார். 1183ஆம் ஆண்டில் ஆயரின் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதிய ‘போல்டன் ஏடு’ என்னும் ஆவணத்தில் இந்த மாற்றம் பதிவாகியுள்ளது.

நிலம் மாறியதும் குடும்பத்தின் பெயரும் மாறிற்று. ஹெர்ட்பர்ன் போய், வாஷிங்டன் வந்தது. வில்லியம் மட்டும் அந்த மாற்றத்தைச் செய்துகொள்ளாமல் இருந்திருந்தால், அமெரிக்கத் தலைநகர் இன்று ஹெர்ட்பர்ன் என்றே அழைக்கப்பட்டிருக்கலாம்!

ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயர்கள் எல்லாம் இப்படி ஊரிலிருந்து வந்தவை அல்ல. கொல்லர் ‘ஸ்மித்’ ஆனார்; தையற்காரர் ‘டெய்லர்’ ஆனார். ஜானின் மகன் ‘ஜான்சன்’. பழுப்பு முடியோ நிறமோ உடையவரை ‘பிரவுன்’ என்றார்கள். தொடக்கத்தில் இவை ஒரு தலைமுறைக்குரிய அடையாளங்களாகவே இருந்தன. கொல்லரின் மகன் தச்சரானால் அவன் பெயரும் மாறிவிடும். நிலப் பத்திரம் எழுதுவோருக்கும் வரி வசூலிப்போருக்கும் இது தலைவலியாக இருந்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல, தந்தையின் அடையாளப் பெயரே மகனுக்கும் பேரனுக்கும் தொடர்வது வழக்கமாயிற்று. 1538 முதல் ஒவ்வொரு தேவாலயமும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் பதிய வேண்டும் என்ற ஆணை வந்தபோது, குடும்பப் பெயர் மேலும் உறுதியாக வேரூன்றியது.

நமக்கு இம்முறை சற்று அயலானது. நம் அடையாள அட்டையில் நம் பெயரையடுத்து வருவது தந்தையின் பெயர்; அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். ஆனால், ஊரைப் பெயரோடு சேர்ப்பது நம் முன்னோர்க்கும் பழக்கமானதே. சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் பெயரில் ஊர் முன்னே நிற்கிறது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும்போது ஊர், தந்தை, தாம் என மூன்றும் வந்துவிடுகின்றன. வேறுபாடு என்னவென்றால், மாசாத்தியாரின் ஊர் அவரோடு நின்றுவிட்டது. வில்லியத்தின் ஊரோ, அந்த ஊரையே பார்த்திராத மனிதர்களோடும் தொடர்ந்து சென்றது.

அப்பெயர் ஒரே வடிவத்திலும் இருக்கவில்லை. எழுத்துக்கூட்டல் நிலைபெறாத காலம் அது. வெசிங்டன், வாசிங்டன், வெஷிங்டன் என எழுதுபவரின் காதுக்கு எட்டியவாறு எழுதினார்கள். 1416 முதல் 1446 வரை டர்ஹம் துறவுமடத்தின் தலைவராக இருந்தவரின் பெயர் ஜான் வெசிங்டன்.

குடும்பத்தின் ஒரு கிளை மேற்கே லங்காஷயர் பகுதியிலுள்ள வார்ட்டன் ஊருக்குச் சென்றது. வெள்ளைப் பின்னணியில் இரண்டு சிவப்புப் பட்டைகளும், அவற்றின்மேல் மூன்று ஐம்முனை விண்மீன்களும் கொண்டது அக்குடும்பத்தின் குலச்சின்னம். வார்ட்டன் தேவாலயத்தின் கோபுரக் கல்லில் அது செதுக்கப்பட்டிருந்தது. பட்டைகளும் விண்மீன்களும் என்றவுடன் அமெரிக்கக் கொடி நம் நினைவுக்கு வரும். கொடியே இச்சின்னத்திலிருந்துதான் உருவானது என்று பலர் நம்புகிறார்கள். அதற்குச் சான்று ஏதும் இல்லை. ஆனால், 1938இல் ஏற்கப்பட்ட வாஷிங்டன் நகரத்தின் கொடி நேராக இச்சின்னத்திலிருந்து எடுக்கப்பட்டதே.

வார்ட்டனிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டவர் லாரன்ஸ் வாஷிங்டன். அவர் நார்தாம்டன் நகரில் கம்பளி வணிகம் செய்து செல்வம் சேர்த்தார். இருமுறை அந்நகரின் மேயராகவும் இருந்தார். அப்பொழுது மன்னர் எட்டாம் ஹென்றி துறவுமடங்களை மூடி, அவற்றின் நிலங்களை விற்றுக்கொண்டிருந்தார். 1539இல் லாரன்ஸ், சல்கிரேவ் என்னும் ஊரில் மடத்துக்குச் சொந்தமாக இருந்த நிலத்தை ஏறத்தாழ 325 பவுன் கொடுத்து வாங்கினார். அங்கு அவர் கட்டிய கல் வீடு இன்றும் நிற்கிறது. ஆனால், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது வாஷிங்டன்களின் கையைவிட்டுப் போயிற்று. வந்த வேகத்திலேயே செல்வம் கரைந்தது.

இந்த லாரன்சின் கொள்ளுப்பேரனுக்கும் லாரன்ஸ் என்றே பெயர். ஆங்கிலேயர்கள் மூதாதையரின் பெயரைத் திரும்பத் திரும்ப வைப்பதால், இக்குடும்ப வரலாற்றைப் படிப்பவர்கள் தலையைச் சொறிய வேண்டியிருக்கும்! இவர் ஆக்ஸ்ஃபர்டில் பயின்று, எசெக்ஸ் பகுதியின் பர்லி என்னும் ஊர்த் தேவாலயத்தின் குருவாக இருந்தார். 1642இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. இவர் மன்னர் பக்கம் சாய்ந்தவர். மறு ஆண்டே நாடாளுமன்றத்தார் இவரைப் பதவியிலிருந்து நீக்கினர். இவர் ஓயாமல் மதுக்கடைக்குப் போகிறவர் என்பது அவர்கள் கூறிய காரணம். குற்றச்சாட்டு உண்மையா, அரசியல் பகையா என்பதில் ஐயம் உண்டு. ஏனெனில் பின்னர், வருமானம் மிகக் குறைந்த வேறொரு சிற்றூரில் அவர் குருவாகப் பணியாற்ற முடிந்தது. 1653இல் வறுமையில் இறந்த அவர், மால்டன் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். புக்கர் படித்த ஊரின் பெயரும் மால்டன்தான். ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் ஓர் எழுத்து வேறுபடும்.

தந்தை பதவி இழந்தார். வீடும் நிலமும் இல்லை. மூத்த மகன் ஜான் கடலை நம்பினார். புகையிலை ஏற்றிவரும் ‘சீ ஹார்ஸ்’ என்னும் கப்பலில், தலைவருக்கு அடுத்த நிலை மாலுமியாக வர்ஜீனியாவுக்குச் சென்றார். வர்ஜீனியா அப்பொழுது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. 1657ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புகையிலையை ஏற்றிக்கொண்டு திரும்பும் வேளையில், பொட்டோமாக் ஆற்றில் கப்பல் தரைதட்டியது. சரக்கு பாழாயிற்று. கப்பலை மிதக்க வைக்க ஜானும் பாடுபட்டார். அந்த இடைவெளியில் அவருக்கு அவ்வூர் நில உடைமையாளர் நத்தேனியல் போப்பின் நட்புக் கிடைத்தது. கப்பல் புறப்பட்டபோது ஜான் அதில் ஏறவில்லை. 1658இல் போப்பின் மகள் ஆனை மணந்தார். மாமனார் 700 ஏக்கர் நிலத்தைத் திருமணப் பரிசாகக் கொடுத்தார்.

தரைதட்டிய ஒரு கப்பலால் குடும்பப் பெயர் கண்டம் மாறியது. ஜானின் தம்பியும் பின்னர் அங்குக் குடியேறினார்.

வர்ஜீனியாவில் அக்காலத்தில் ஒரு விதி இருந்தது. ஓர் ஆளைக் கடல் கடந்து அழைத்துவருபவருக்கு, ஆள் ஒன்றுக்கு 50 ஏக்கர் நிலம் கிடைக்கும். வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகள். பின்னர் ஆப்பிரிக்க அடிமைகளையும் இக்கணக்கில் சேர்த்தார்கள். ஜானும் இன்னொருவரும் 1674இல் பொட்டோமாக் கரையில் 5,000 ஏக்கர் பெற்றார்கள். குடும்பத்தின் புதிய செல்வம் மற்றவர்களின் உழைப்பின்மேல் எழுந்தது என்பதை மறந்துவிட்டு இப்பெயரின் வரலாற்றைச் சொல்ல இயலாது. பின்னால் வரப்போகும் செய்திகள் அதனோடு பிணைந்தவை.

ஜானின் மகன் லாரன்ஸ் 1698இல் இறந்தார். அவருடைய மனைவி மில்ட்ரெட் மறுமணம் செய்துகொண்டு, பிள்ளைகளோடு இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையிலுள்ள வைட்ஹேவன் நகருக்குச் சென்றார். சில மாதங்களில் அவரும் இறந்தார். அவருடைய சிறுவர்கள் அருகிலுள்ள ஆப்பிள்பி பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். அங்கேயே அவர்கள் வளர்ந்திருந்தால், பெயர் தான் புறப்பட்ட இடத்திற்குப் பக்கத்திலேயே திரும்பிவந்து ஓய்ந்திருக்கும். ஆனால், வர்ஜீனியாவிலிருந்த உறவினர் வழக்குத் தொடுத்துப் பிள்ளைகளை மீட்டுக்கொண்டனர். அப்படித் திரும்பிச் சென்ற சிறுவன் அகஸ்டின். அவருடைய மகனாக 1732இல் பிறந்தவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன்.

ஜார்ஜின் வாழ்க்கையை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அமெரிக்க விடுதலைப் படையின் தளபதியாகவும், 1789 முதல் நாட்டின் முதல் அதிபராகவும் இருந்தவர். இங்கு நமக்கு வேண்டியது அவர் எழுதிய ஒரு கடிதம் மட்டுமே. இங்கிலாந்தில் குலச்சின்னங்களுக்குப் பொறுப்பான அலுவலர் சர் ஐசக் ஹெர்ட், அதிபரின் மூதாதையர் பற்றி விவரம் கேட்டு எழுதினார். 1792ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜார்ஜ் பதில் அனுப்பினார். இதில் தாம் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்றார். தம் குடும்பம் இங்கிலாந்தின் வடபகுதி ஒன்றிலிருந்து வந்ததாகக் கேள்விப்பட்டதுண்டு என்றும், அது லங்காஷயரா, யார்க்ஷயரா, அதற்கும் வடக்கேயா என்பது சரியாக நினைவில்லை என்றும் எழுதினார். அப்பெயரை உலகறியச் செய்தவருக்கே அது பிறந்த ஊர் தெரியவில்லை!

அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, அவர் பெயர் ஊர்களைத் தேடிச் சென்றது. 1791இல், கட்டப்படவிருந்த தலைநகருக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஊரிலிருந்து மனிதருக்கு வந்த பெயர், 600 ஆண்டுகளுக்குப் பின் மனிதரிடமிருந்து ஊருக்குப் போயிற்று. 1853இல் பசிபிக் கரையில் உருவான புதிய ஆட்சிப்பகுதிக்குக் கொலம்பியா என்று பெயரிட அங்குள்ளோர் விரும்பினர். தலைநகர் அமைந்த பகுதி ‘கொலம்பியா மாவட்டம்’ எனப்படுவதால் குழப்பம் வரும் என்று கருதி, நாடாளுமன்றம் அதற்கு வாஷிங்டன் என்று பெயர் வைத்தது. குழப்பத்தைத் தவிர்க்க அவர்கள் கண்ட வழி இது. இன்றும் அங்குள்ளவர்கள், “மாநிலமா, தலைநகரா?” என்ற கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஜார்ஜுக்குப் பிள்ளைகள் இல்லை. 11 வயதில் தந்தையை இழந்தபோது, மற்ற சொத்துகளோடு பத்து அடிமைகளும் அவருக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் இறந்த 1799ஆம் ஆண்டில், அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் பாதிக்கும் குறைவானவர்களே அவருக்கு நேரடி உடைமை. மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவி மார்த்தாவின் முதற்கணவர் குடும்பத்துக்கு உரியவர்கள். தமக்கு உரியவர்களை விடுவிக்குமாறு ஜார்ஜ் உயிலில் எழுதிவைத்தார். மற்றவர்களை விடுவிக்கும் உரிமை சட்டப்படி அவருக்கு இல்லை. கணவனுக்கு விடுதலை, மனைவிக்கு இல்லை என்ற நிலையில் பல குடும்பங்கள் நின்றன.

அந்த உயிலுக்குக் காத்திராமல் புறப்பட்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஹேரி. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, கடத்திவரப்பட்டு, 1763இல் ஜார்ஜ் வாஷிங்டனால் வாங்கப்பட்டவர். விடுதலைப் போர் தொடங்கியபோது, கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் ஆங்கிலேயப் படையில் சேர்ந்தால் விடுதலை பெறலாம் என்று வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் பிரபு அறிவித்திருந்தார். 1776இல் ஹேரி பண்ணையைவிட்டு ஓடி, ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். தம் எசமானர் நாட்டு விடுதலைக்குப் போரிட்ட அதே ஆண்டுகளில், ஹேரி தம் விடுதலைக்காக எதிர்ப் படையில் உழைத்தார்.

1783இல் தோற்ற ஆங்கிலேயர்கள் நியூயார்க்கைவிட்டு வெளியேறினர். ஓடிவந்த அடிமைகளைத் திருப்பித் தரவேண்டும் என்று ஜார்ஜ் வாஷிங்டன் வற்புறுத்தினார். ஆங்கிலேயத் தளபதி கை கார்ல்டன் மறுத்துவிட்டார். விடுதலை தருவதாகச் சொன்ன வாக்கை மீறமாட்டோம். வேண்டுமானால் பின்னர் இழப்பீடு பேசிக்கொள்ளலாம் என்பது அவர் நிலைப்பாடு. அதற்காகக் கப்பலேறிய ஏறத்தாழ 3,000 பேரின் பெயர், வயது, முன்பு யாருக்கு உரியவர் என்பவை ஒரு பேரேட்டில் எழுதப்பட்டன. அதில் ஹேரியின் பதிவும் உள்ளது. முன்பு தளபதி வாஷிங்டனுக்கு உரியவர், ஏழாண்டுக்கு முன் அவரைவிட்டுப் போனவர் என்கிறது அது. பெயர்ப் பகுதியில் இருப்பது ‘ஹேரி வாஷிங்டன்’.

யாரிடமிருந்து தப்பி ஓடினாரோ, அவருடைய பெயரோடு ஏன் ஏட்டில் இடம்பெற்றார்? அவரே சொன்னாரா, எழுத்தர் எழுதிக்கொண்டாரா? ஏடு அதைச் சொல்லவில்லை. எப்படியானாலும் அப்பெயர் அவரோடு கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போயிற்று. அங்கு வாக்களித்த நிலம் ஒழுங்காகக் கிடைக்காததால், 1792இல் ஏறத்தாழ 1,200 பேர் 15 கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டபோது ஹேரியும் அவர்களுள் ஒருவர். சியரா லியோனில் அவர்கள் ஃபிரீடவுன் நகரை உருவாக்கினார்கள். அங்கும் ஆட்சி செய்த நிறுவனம் நிலத்துக்கு வரி கேட்டது. 1800ஆம் ஆண்டு குடியேறியோருள் ஒரு பகுதியினர் கிளர்ந்தெழுந்தனர். அவர்களோடு சேர்ந்ததற்காக, முதிய வயதில் ஹேரி ஆற்றுக்கு அப்பாலுள்ள புல்லம் கரைக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கிருந்தோருக்கு ஒரு தலைவராகவும் ஆனார். வரியை எதிர்த்துக் கிளர்ந்த வாஷிங்டன்கள் இருவர் என்று வரலாற்றாசிரியர்கள் சொன்னால் அது மிகையாகாது.

ஹேரிக்கு வாய்த்த இந்தச் சிறிய பதிவுகூடப் பல இலட்சம் பேருக்கு வாய்க்கவில்லை. அமெரிக்காவில் 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் இருந்தது. உடைமையாளரின் பெயரை எழுதி, அதன்கீழ் ஒவ்வோர் அடிமையின் வயது, பால், நிறம் ஆகியவற்றைக் குறித்தார்கள். அடிமையின் பெயருக்கு அதில் இடமே இல்லை. தமக்குள் குடும்பப் பெயர்களை வைத்துப் போற்றிய அடிமைகள் இருந்தார்கள். எசமானர்களின் ஏடுகள் அவற்றை ஏற்கவில்லை. விடுதலைக்குப் பிறகு நிலை மாறியது. கூலி ஒப்பந்தம், திருமணப் பதிவு, படைவீரர் ஓய்வூதியம், பள்ளிப் பதிவேடு என எல்லாவற்றுக்கும் முழுப் பெயர் தேவைப்பட்டது. 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான், அடிமைகளாக இருந்த அனைவரும் முதன்முதலாகப் பெயரோடு எழுதப்பட்டார்கள்.

அப்பொழுது ஏராளமானோர் வாஷிங்டன் என்னும் பெயரோடு வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மவுண்ட் வெர்னன் பண்ணையைப் பார்த்திராதவர்கள். காரணம் இதுதான் என்று ஒன்றைச் சொல்வது எளிதன்று. நாட்டின் முதல் அதிபரின் பெயர், தம் அடிமைகளை உயிலில் விடுவித்தவரின் பெயர், இனி நாமும் இந்நாட்டின் குடிமக்களே என்று உரக்கச் சொல்லும் பெயர் என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கலாம். பழைய எசமானரின் பெயரை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேடியவர்களும் உண்டு. இவர்கள் அடிமைகளாக இருந்தவரை பெயர் வைக்கும் உரிமை பிறரிடம் இருந்தது. இப்பொழுது அது தம் கைக்கு வந்தது என்பதே முதன்மையான செய்தி.

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 163,036 பேர் வாஷிங்டன் என்னும் குடும்பப் பெயரைக் கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். டர்ஹமில் ஒரு நார்மன் நில உடைமையாளர் எடுத்துக்கொண்ட பெயர் இன்று அவர்களுடைய பெயர்.

மீண்டும் அந்த வகுப்பறைக்கு வருவோம். புக்கர் 1856இல் வர்ஜீனியாவில் ஒரு தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தவன். 1861இல் அத்தோட்டக்காரர் இறந்தபின் எழுதப்பட்ட சொத்துப் பட்டியலில், அவன் பெயருக்கு எதிரே 400 டாலர் என்று விலை குறிக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு தாய், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைகளைக் கடந்து மால்டனுக்கு வந்தார். சிறுவனின் வளர்ப்புத் தந்தை அங்கு உப்பாலையில் வேலை பார்த்துவந்தார். அவர் கட்டும் பீப்பாய்களில் 18 என்ற எண் எழுதப்படும். புக்கர் முதன்முதலில் எழுதப் படிக்கக் கற்றது அந்த எண்ணைத்தான்.

அந்த வளர்ப்புத் தந்தையின் முழுப் பெயர் வாஷிங்டன் ஃபெர்கசன். அதிபரின் புகழ் பரவியபின், அவருடைய குடும்பப் பெயரையே பலர் பிள்ளைகளுக்கு முதற்பெயராக வைத்தார்கள். வீட்டிலும் ஆலையிலும் எல்லாரும் அவரை ‘வாஷ்’ என்று அழைப்பார்கள். ஆசிரியர் பெயர் கேட்டபோது, சிறுவன் எட்டிப் பிடித்த பெயர் அவன் காதில் நாள்தோறும் விழுந்ததுதான். அதிபரை நினைத்தானோ, உப்பாலைத் தொழிலாளியை நினைத்தானோ, அவன் விளக்கவில்லை. பிறந்தபோது தாய் தனக்கு ‘டாலியஃபெரோ’ என்று இரண்டாம் பெயர் ஒன்றும் வைத்திருந்ததைப் பின்னாளில் அறிந்து, அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டான். புக்கர் டி. வாஷிங்டன் என்பதிலுள்ள ‘டி’ அதுவே.

பெயர் அவனோடு நிற்கவில்லை. அவன் குடும்பம் வளர்ப்பு மகனாக ஏற்ற ஜேம்சும் வாஷிங்டன் ஆனார். அண்ணனும் தம்பி வகுப்பறையில் சொன்ன பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். அவர் சுரங்கத்தில் உழைத்துத் தம்பியின் கல்லூரிப் படிப்புக்கு உதவினார். பிறகு தம்பியின் உதவியோடு தாமும் படித்து, டஸ்கீகியில் தொழிற்பயிற்சிகளின் மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். கப்பல் தரைதட்டி, பொட்டோமாக் கரையில் இறங்கிய மாலுமியின் பெயர் ஜான் வாஷிங்டன். 200 ஆண்டுகளுக்குப் பின் அதே வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த இந்த அண்ணனின் பெயரும் ஜான், ஜான் வாஷிங்டன்.